ஒரே கேம்பஸ், வேறு வேறு விலை: கிறிஸ்தவக் கல்லூரி சீட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, சென்னை நெடுஞ்சாலையில் இருக்கிறது கூட்டேரிப்பட்டு. மயிலம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் திரும்பும் இடம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இந்தப் பகுதி வீடுகளில் ஆரம்பிக்கும் பேச்சு ஒன்றுதான். "பக்கத்துல கவர்ன்மென்ட் காலேஜ்ல போட்டுடலாமா, இல்ல மெட்ராஸ்ல நல்ல கிறிஸ்டியன் காலேஜா பார்க்கலாமா?"

கிறிஸ்தவர் அல்லாத வீடுகளிலும் இதே பேச்சுதான். எம்.சி.சி., லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், டபிள்யூ.சி.சி. என்ற பெயர்களுக்கு இருக்கும் மரியாதை அப்படி. பல வீடுகளில் முடிவெடுப்பதும் பணம் கட்டுவதும் அப்பா அம்மா மட்டுமல்ல. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் அண்ணனும் அக்காவும்தான்.

அவர்களுக்கு முதலில் புரிய வேண்டியது, 'கிறிஸ்தவக் கல்லூரி' என்று ஒரே விலை கிடையாது என்பது. ஒரே கேட்டுக்குள் ஒரே பாடத்துக்கு இரண்டு கட்டணம் இருக்கலாம். வேறொரு கிறிஸ்தவ நிறுவனம் அதைப் போலப் பல மடங்கு வாங்கலாம். அதனால் ஒப்பிட வேண்டியது கல்லூரிகளின் பெயரை அல்ல, கையில் கிடைக்கும் அந்த ஒரு சீட்டின் வகையை.

எத்தனை வகை சீட் இருக்கிறது?

தமிழகத்தில் கிறிஸ்தவ அமைப்புகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களில் பொதுவாக மூன்று வகை சீட்கள் இருக்கின்றன.

1. அரசு உதவி பெறும் சீட் (எய்டட்): நிர்வாகம் கல்லூரியுடையது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. சம்பளச் செலவு மாணவர் தலையில் விழாததால் கட்டணம் சில ஆயிரங்களில் நிற்கும். இந்தக் கல்லூரிகள் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் எட்டியதற்குப் பெரிய காரணம் இந்த ஏற்பாடு.

2. சுயநிதி சீட் (செல்ஃப் ஃபைனான்ஸ்): அதே வளாகம், அதே நூலகம், பல இடங்களில் மாலை ஷிஃப்ட். ஆசிரியர் சம்பளத்தைக் கல்லூரியே கொடுக்க வேண்டும், அந்தப் பணம் ஃபீஸிலிருந்து வருகிறது. பி.சி.ஏ., விஸ்காம் போன்ற, பிற்காலத்தில் வந்த பாடப்பிரிவுகள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் இருக்கும். பி.காம். மாதிரி கிராக்கியுள்ள பாடம் இரண்டு பக்கமும் இருக்கும்.

3. நிகர்நிலைப் பல்கலைக்கழக சீட் (டீம்டு): கோவை காருண்யா, பெங்களூரு கிறைஸ்ட் போன்றவை இந்த வகை. அட்மிஷன், பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் அவர்களுடையது. கட்டணமும் அவர்கள் தீர்மானிப்பது. மூன்றில் விலை அதிகம் இதற்குத்தான்.

முதல் இரண்டு வகையிலும் பட்டம் கொடுப்பது இணைப்புப் பல்கலைக்கழகம். எம்.சி.சி.யிலோ லயோலாவிலோ எய்டட் பி.காம். படித்தாலும் சுயநிதி பி.காம். படித்தாலும் பட்டம் வழங்குவது சென்னைப் பல்கலைக்கழகம்தான். வேலை கேட்டுப் போகும் இடத்தில் "நீ எந்த ஷிஃப்ட்?" என்று யாரும் கேட்கப்போவதில்லை. விலை வித்தியாசம் மட்டும் குடும்பத்தோடு நின்றுவிடும்.

'யுனிவர்சிட்டி' என்ற பெயருக்குத் தனி மதிப்பு உண்டா?

"காலேஜை விட யுனிவர்சிட்டி பெருசு" என்பது ஊரில் பரவலாக இருக்கும் நம்பிக்கை. தமிழகத்தில் பெயர்பெற்ற கிறிஸ்தவ நிறுவனங்கள் பலவற்றைப் பார்த்தால் இது பொருந்தவில்லை.

1837-ல் பள்ளியாகத் தொடங்கி 1937-ல் தாம்பரத்துக்கு மாறிய எம்.சி.சி. இன்னும் கல்லூரிதான். 1881-ல் தொடங்கிய மதுரை அமெரிக்கன் கல்லூரி, 1915-ல் தொடங்கிய டபிள்யூ.சி.சி., 1925-ல் தொடங்கிய லயோலா எல்லாமே கல்லூரிகள்தான். வேலூர் சி.எம்.சி.யும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியே.

நிகர்நிலை நிறுவனங்கள் தங்கள் பெயரில் 'யுனிவர்சிட்டி' என்று போட்டுக்கொள்வதையே 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து யு.ஜி.சி. தடுத்தது. காருண்யா யுனிவர்சிட்டி என்ற பெயர் 'காருண்யா இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி அண்ட் சயின்சஸ்' என்று மாறியதன் பின்னணி இதுதான். பட்டத்தின் செல்லுபடி இதனால் குறையவில்லை. ஆனால் போர்டில் இருக்கும் ஒரு வார்த்தைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஒரே பெயர் பல ஊர்களில் இருப்பதும் குழப்பும். சென்னை நுங்கம்பாக்கத்தில் லயோலா இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் வேட்டவலத்திலும் இயேசு சபையினர் லயோலா என்ற பெயரில் ஒரு கல்லூரி நடத்துகிறார்கள். இரண்டும் தனித்தனி நிறுவனங்கள். கட்டணம், தரச்சான்று, இணைப்பு எல்லாம் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கூட்டேரிப்பட்டிலிருந்து கணக்குப் போட்டால்?

கீழே வருபவை எந்தக் கல்லூரியின் கட்டணமும் அல்ல. கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்ட உதாரண எண்கள். தங்கள் கையில் இருக்கும் ஃபீஸ் சீட்டைப் பார்த்து எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். படிப்பு மூன்று வருட பி.காம். ஹாஸ்டலும் சாப்பாடும் மாதம் 8,000 ரூபாய், வருடத்துக்கு 10 மாதம்.

- திண்டிவனம் அல்லது விழுப்புரம் அரசுக் கல்லூரி, வீட்டிலிருந்து போய் வருவது: ஃபீஸ் வருடம் 3,000, கைச்செலவு மாதம் 1,000. மூன்று வருடத்துக்கு சுமார் 39,000 ரூபாய்.
- சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் எய்டட் சீட்: ஃபீஸ் வருடம் 10,000. மூன்று வருட ஃபீஸ் 30,000, ஹாஸ்டல் 2.4 லட்சம். மொத்தம் 2.7 லட்சம்.
- அதே கல்லூரியில் சுயநிதி சீட்: ஃபீஸ் வருடம் 60,000. மூன்று வருட ஃபீஸ் 1.8 லட்சம், ஹாஸ்டல் 2.4 லட்சம். மொத்தம் 4.2 லட்சம்.
- நிகர்நிலை நிறுவனம்: ஃபீஸ் வருடம் 1.5 லட்சம். மூன்று வருட ஃபீஸ் 4.5 லட்சம், ஹாஸ்டல் 2.4 லட்சம். மொத்தம் 6.9 லட்சம்.

இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. எய்டட் சீட் கிடைத்தவருக்கு ஃபீஸ் பெரிய செலவே இல்லை. ஒன்பதில் எட்டுப் பங்கு ஹாஸ்டலுக்குப் போகிறது. தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் இந்தக் கணக்கே தலைகீழாக மாறிவிடும். இரண்டாவது, எய்டடுக்கும் சுயநிதிக்கும் இடையிலான 1.5 லட்சம் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது, இன்னொரு கல்லூரி அல்ல. அதே கல்லூரிக்குள் நுழைய இன்னொரு வழி மட்டும்தான்.

அந்த வழி எல்லா நேரமும் தப்பு என்று சொல்ல முடியாது. எய்டட் சீட்களுக்குப் போட்டி அதிகம், மார்க் அதிகம் கேட்கும். எய்டட் கிடைக்காமல் போனால் சுயநிதியா, ஊர்ப் பக்கக் கல்லூரியா என்பதுதான் உண்மையான கேள்வி. பல கல்லூரிகளில் இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம் போட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றதைத் தவறவிடும் மாணவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

கடன் வாங்கிப் படித்தால்?

4 லட்சம் ரூபாய் கல்விக் கடன், 10 சதவீத வட்டி, 7 வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய் வரும். திருப்பிக் கட்டும் மொத்தத் தொகை சுமார் 5.58 லட்சம். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. முதல் சம்பளம் 18,000 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தவணைக்கே போகும். சென்னையில் பி.ஜி. வாடகை கட்டிவிட்டு மிச்சத்தில் வீட்டுக்கு அனுப்ப என்ன இருக்கும் என்பது வேலைக்குப் போன அண்ணன் அக்காக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. இந்தப் பட்டியல் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையை வைத்துத் தயாரிக்கப்படுகிறது. தேர்வு செய்த கல்லூரி அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு வங்கிக்குப் போவது நல்லது. கிறிஸ்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு மாநில அரசின் டாம்கோ மூலமும் குறைந்த வட்டிக் கல்விக் கடன் இருக்கிறது.

அரசு உதவித்தொகை எந்த சீட்டுக்கு வரும்?

சீட்டின் வகை இங்கேதான் அதிகம் விளையாடுகிறது.

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் ஆண்களுக்கு வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். மூன்று வருடத்துக்கு இது 36,000 ரூபாய். மேலே போட்ட கணக்கில் அரசுக் கல்லூரியின் செலவு கிட்டத்தட்ட முழுவதும் இதிலேயே அடைபடும். நிகர்நிலையின் 6.9 லட்சத்தில் இது இருபதில் ஒரு பங்குதான்.

இன்ஜினீயரிங் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. சிறுபான்மை அந்தஸ்து பெற்ற தனியார் பொறியியல் கல்லூரிகள் 50 சதவீத சீட்களை அண்ணா பல்கலைக்கழக கவுன்சலிங்குக்குக் கொடுக்கின்றன. மற்ற தனியார் கல்லூரிகள் கொடுப்பது 65 சதவீதம். லயோலா வளாகத்தில் இருக்கும் லயோலா-இகாம் பொறியியல் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிதான். 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி தனியார் கல்லூரிகளில் கவுன்சலிங் சீட்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000 மற்றும் 87,000. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இந்த இரண்டு கட்டணமும் உட்கார்ந்திருக்கும்.

கவுன்சலிங் வழியாகப் போனால் வரும் சலுகைகள்:

- வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் தம்பி தங்கைக்கு இது கிடையாது.
- அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. பொறியியலுக்கு இது 2021-ல் வந்தது.

நிகர்நிலை நிறுவனங்கள் இந்த கவுன்சலிங்கில் இல்லை. மயிலம் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த மாணவர், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஃபீஸே இல்லாமல் இன்ஜினீயரிங் படிக்க வாய்ப்பிருந்தும், முன்கூட்டியே அட்வான்ஸ் கட்டிய நிகர்நிலை சீட்டுக்குப் போனால் இந்த இரண்டு சலுகையும் போய்விடும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளே இருக்கின்றன என்பதும் கணக்கில் வர வேண்டும்.

கிறிஸ்தவராக இருந்தால் ஃபீஸ் குறையுமா?

தானாகக் குறையாது. அரசமைப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு, கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தருகிறது. அந்த உரிமையால் தங்கள் சமூகத்தினருக்கு ஒரு பங்கு சீட்டை அவர்கள் ஒதுக்கலாம். அது அட்மிஷனில் கிடைக்கும் முன்னுரிமை. ஃபீஸில் தள்ளுபடி என்று அர்த்தம் இல்லை. திருச்சபையோ கல்லூரியோ தனியாகத் தரும் உதவித்தொகை இருந்தால் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தனியார் கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீடு கொண்டுவர வழிசெய்யும் 15(5) பிரிவு, சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அதனால் எஸ்.சி., எம்.பி.சி. மாணவர்கள் அரசுக் கல்லூரியில் எதிர்பார்க்கும் 69 சதவீத இடஒதுக்கீட்டை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது. எத்தனை சீட், எந்த விதி என்று அந்தந்தக் கல்லூரியின் அட்மிஷன் கொள்கையைப் படிக்க வேண்டும்.

தலித் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது இரட்டைச் சிக்கல். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. அந்தஸ்து இந்துக்களுக்கும், பிறகு சேர்க்கப்பட்ட சீக்கியர், பௌத்தர்களுக்கும் மட்டும்தான். மதம் மாறிய ஆதிதிராவிடர் தமிழகத்தில் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். அதனால் அரசுக் கல்லூரியில் எஸ்.சி. ஒதுக்கீடு அவர்களுக்கு இல்லை. ஆனால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், மதம் மாறிய ஆதிதிராவிடர்களையும் தமிழக அரசு சேர்த்திருக்கிறது. சீட்டுக்கு ஒரு விதி, ஸ்காலர்ஷிப்புக்கு இன்னொரு விதி. இது தெரியாமல் "நமக்கு எதுவும் வராது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடக் கூடாது.

கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

வேலைச் சந்தையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் பதில் தெளிவாகும்.

டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, ரயில்வே, ஆசிரியர் பணி என்பது இலக்கு என்றால், அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் ஒன்றுதான். விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அந்தப் பட்டத்துக்கும் சென்னைப் பட்டத்துக்கும் குரூப் 2 தேர்வில் வித்தியாசம் இல்லை. இந்த இலக்குள்ளவர் ஹாஸ்டலுக்குச் செலவழிக்கும் 2.4 லட்சத்தில் நல்ல கோச்சிங்கும் புத்தகமும் வாங்கிவிட்டு மிச்சமும் வைக்கலாம்.

மீடியா, ஆராய்ச்சி, கார்ப்பரேட், வெளிநாட்டு மேற்படிப்பு என்றால் கதை வேறு. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தை வேகமாக மாற்ற முடியும். கூடப் படிப்பவர்கள் பல மாநிலங்களிலிருந்து வருவார்கள். ஆங்கிலம் வகுப்பை விட ஹாஸ்டலில்தான் அதிகம் பழகும். சீனியர் ஒருவர் தன் கம்பெனியில் ரெஃபர் பண்ணுவார். சென்னையில் இருப்பதால் இன்டர்ன்ஷிப்புக்கு நடந்தே போகலாம். கிராமத்து முதல் தலைமுறை மாணவருக்கு இவை சும்மா வந்துவிடாத விஷயங்கள்.

ஆனால் இதுவும் கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கு மட்டும் உரியது அல்ல. 2022 என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரிப் பட்டியலில் லயோலா 4-ம் இடம். அதற்கு ஒரு படி மேலே, 3-ம் இடத்தில் இருந்தது சென்னை மாநிலக் கல்லூரி. அது அரசுக் கல்லூரி. இளநிலைப் படிப்புக்குப் பயிற்சிக் கட்டணம் இல்லாத இடம். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தில் திண்டிவனத்தோடு சென்னைக் கல்லூரிகளையும் சேர்த்துக் குறிப்பிடலாம் என்பது பல வீடுகளுக்குத் தோன்றுவதே இல்லை.

மிஷன் கல்லூரிகள் மலிவாக இருந்தது எப்படி?

இந்தக் கேள்விக்குத் திண்டிவனத்தோடு சம்பந்தப்பட்ட பதில் ஒன்று இருக்கிறது. அமெரிக்கன் ஆற்காடு மிஷன் இயங்கிய ஊர்களில் திண்டிவனமும் ஒன்று. அங்கே பெற்றோருடன் இருந்த ஐடா ஸ்கடர், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் பெண் டாக்டர் இல்லாமல் இறந்ததைப் பார்த்த பிறகே மருத்துவம் படிக்கப் போனார். 1900-ல் வேலூரில் அவர் ஒரே கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி.

தனியார் நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகள் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வாங்கும் காலத்திலும் சி.எம்.சி.யின் கட்டணம் அதில் மிகச் சிறிய பங்குதான். அந்தக் குறைந்த கட்டணத்துக்குப் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. திருச்சபைகளின் ஸ்பான்சர்ஷிப்பில் சேர்பவர்கள் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் மிஷன் மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டும். விலையின் ஒரு பகுதி பணமாக இல்லாமல் சேவையாகக் கட்டப்படுகிறது. மாணவர் தேர்வு முறையைக் காப்பாற்ற சி.எம்.சி. நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017-ல் ஒரே ஒரு எம்.பி.பி.எஸ். மாணவரை மட்டும் சேர்த்தது. 2020 ஏப்ரலில், நீட் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரியும் கிறிஸ்தவப் பின்னணி கொண்டதுதான். 1892 முதல் மாணவர்களிடம் அது கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பதிலாக எல்லா மாணவர்களும் வளாகத்தில் வேலை செய்கிறார்கள், நன்கொடை நிதி மீதியைத் தாங்குகிறது. மதம் ஒன்றானாலும் விலையைத் தீர்மானிப்பது, செலவை யார் ஏற்கிறார்கள் என்பதுதான். சி.எம்.சி.யில் மருத்துவமனையும் மிஷனும், பெரியாவில் நன்கொடை நிதி, எய்டட் சீட்டில் தமிழக அரசு, சுயநிதியிலும் நிகர்நிலையிலும் குடும்பம்.

எய்டட் சீட் இனியும் இருக்குமா?

2025 அக்டோபரில் தமிழகச் சட்டமன்றம் தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்த மசோதாவை நிறைவேற்றியபோது எழுந்த கேள்வி இது. தனியார் பல்கலைக்கழகம் தொடங்க ஒரே இடத்தில் 100 ஏக்கர் வேண்டும் என்ற நிபந்தனையை அது மாநகராட்சிகளில் 25, நகராட்சி மற்றும் பேரூராட்சிகளில் 35, மற்ற இடங்களில் 50 ஏக்கர் என்று குறைத்தது. ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகள், அரசு உதவி பெறுபவை உட்பட, பல்கலைக்கழகமாக மாற வழி திறந்தது.

கல்லூரி ஆசிரியர் சங்கங்களும் பல கட்சிகளும் எதிர்த்தன. பல்கலைக்கழகமாக மாறினால் அரசு சம்பளத்தில் இருக்கும் பணியிடங்கள் என்ன ஆகும், எய்டட் ஃபீஸ் சுயநிதி ஃபீஸாகுமா என்பதுதான் அவர்களின் கவலை. அதே மாதத்திலேயே மசோதாவைத் திரும்பப் பெற்று மறு ஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது.

தமிழகத்தின் பழமையான உதவி பெறும் கல்லூரிகளில் கணிசமானவை கிறிஸ்தவ அமைப்புகளுடையவை. அதனால் இந்த விவாதம் மீண்டும் எப்போது வந்தாலும் கூட்டேரிப்பட்டு போன்ற ஊர்களை நேரடியாகத் தொடும். உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தேசிய அளவில் 28.4 சதவீதமாக இருந்த 2021-22-ல் தமிழகத்தில் அது 47 சதவீதம். குறைந்த கட்டண சீட்கள் இல்லாமல் இந்த எண் வந்திருக்காது. மேலே போட்ட உதாரணத்தில் எய்டட் சீட் மறைந்து சுயநிதி மட்டும் மிஞ்சினால், அதே கேம்பஸுக்கு ஒரு குடும்பம் மூன்று வருடத்தில் 1.5 லட்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- இந்த சீட் எய்டடா, சுயநிதியா? எய்டடுக்குத் தனி விண்ணப்பம் போட்டாயிற்றா?
- முதல் வருட ஃபீஸ் மட்டுமல்ல, மூன்று அல்லது நான்கு வருடத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? ஒவ்வொரு வருடமும் ஃபீஸ் ஏறுமா?
- ஹாஸ்டல் கேம்பஸுக்குள் உறுதியா, அல்லது வெளியே பி.ஜி. பார்க்க வேண்டுமா?
- பிளேஸ்மென்ட்டில் அதிகபட்ச சம்பளம் எவ்வளவு என்பதை விட, அந்தப் பாடப்பிரிவில் எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன?
- கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தருகிறார்களா? தமிழகத்தில் கேபிடேஷன் ஃபீஸ் வாங்குவது 1992 சட்டப்படி குற்றம்.
- வேறு இடத்தில் நல்ல சீட் கிடைத்தால் பணம் திரும்ப வருமா? யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் சிறு தொகை கழித்து முழு ஃபீஸும் திரும்பத் தர வேண்டும். அதன் பிறகு இது 90, 80, 50 சதவீதமாகக் குறைந்து, கடைசித் தேதி முடிந்து 30 நாளுக்குப் பிறகு ஒன்றும் வராது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கவும் கூடாது.

வரிசையாகச் சொன்னால், எய்டட் சீட் கிடைத்து ஹாஸ்டல் செலவைச் சமாளிக்க முடிந்தால், பெயர்பெற்ற கிறிஸ்தவக் கல்லூரி கொடுக்கும் பணத்துக்கு மேல் தரக்கூடியது. சுயநிதி என்றால், அந்தப் பாடமும் அந்த ஊரும் மாணவரின் இலக்குக்கு உண்மையிலேயே தேவையா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். நிகர்நிலை என்றால், கவுன்சலிங்கும் அரசுச் சலுகைகளும் கைவிட்டுப் போவதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அரசு வேலைதான் இலக்கு என்றால், திண்டிவனம் பஸ் போதும்.